கல்லுக்கு எடுத்த எக்ஸ்ரே

அந்தத் தெருவில் பல் டாக்டரம்மாவுக்குப் பெயர் வந்தது பல்லைப் பிடுங்கி அல்ல, விரிசலைக் கண்டுபிடித்து. பல்லைப் பிடுங்க ஊரில் ஆளா இல்லை? கடித்தால் மட்டும் சுரீரென்கிறது, மற்ற நேரத்தில் ஒன்றும் இல்லை, போன இடத்தில் எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று கண் கலங்க வருகிறவர்களை அவள் நாற்காலியில் சாய்ப்பாள். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்குவாள். மயிரிழைபோல ஓடும் ஒரு கோட்டைத் தொட்டு, "இதோ இருக்கு பாருங்க" என்பாள். வந்தவருக்கு வலி அப்போதே பாதி குறைந்துவிடும். மற்றவர் கண்ணில் படாதது தன் கண்ணில் பட்டுவிடும் என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

அந்தத் தோரணை வீட்டிலும் உண்டு. அவள் மூத்தவள். அவளுக்குப் பின் ஒரே ஒரு தங்கை. வீட்டில் இருவரையும் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். சின்னவள் படித்தது கல்லை. வேலை பார்ப்பது அருங்காட்சியகத்தில். கல்லாகிப்போன மீன்களை வைத்திருக்கும் பகுதி அவள் பொறுப்பு. யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா இப்படித்தான் அறிமுகம் செய்வாள்: "பெரியவ பல் டாக்டர். சின்னவளும் பல்லுதான் பாக்கறா. ஆனா மீன் பல்லு. அதுவும் செத்துக் கல்லாப் போன மீனோட பல்லு." வந்தவர்கள் சிரிப்பார்கள். பெரியவள் முதலில் சிரிப்பாள். சின்னவளும் சிரிக்கிறாள் என்றுதான் பெரியவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை, கிளினிக் திறந்த கொஞ்ச நேரத்தில், சின்னவள் பஞ்சில் பொதிந்த ஒரு டப்பாவோடு வந்து நின்றாள். வெளியே பெஞ்சில் கன்னம் வீங்கிய ஒரு லாரி டிரைவர் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"அக்கா, ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்."

"எந்தப் பல்லுடி?"

"எனக்கு இல்ல. இதுக்கு."

டப்பாவைத் திறந்தாள். தீப்பெட்டி அளவில், பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் ஒரு கல். வழியில் கிடந்தால் பார்க்கிறவர்கள் எட்டி உதைத்துவிட்டுப் போவார்கள்.

"என்னடி இது, சாம்பிராணிக் கட்டியா?"

"பல் தகடு. மீனோட வாய்க்குள்ள தனித்தனிப் பல்லுக்குப் பதிலா ஒரே பலகையா இருக்கும். சிப்பி, நண்டு எல்லாம் போட்டு நொறுக்கறதுக்கு."

விஷயம் இதுதான். ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கற்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தன. அதில் பெரும்பாலும் திருக்கை மீனின் பல் தகடுகள். திருக்கையின் வாயில் பற்கள் தரைக்கு ஓடு பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருக்கும். அந்தச் சுரங்கத்தில் அவை மலிந்து கிடந்ததால், இந்தக் கல்லையும் துறைத் தலைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். சின்னவளுக்கு மனசு ஒப்பவில்லை. கையில் எடுத்தால் கனமே வேறு மாதிரி இருக்கிறது என்றாள். வளைவு சரியில்லை, நடுவில் ஒரு தையல்போல ஏதோ ஓடுகிறது என்றாள். இது முள் பேத்தையாக இருக்கும் என்று அவள் அடித்துச் சொன்னாள். பயந்தால் பந்துபோல ஊதிக்கொண்டு முள்ளைச் சிலிர்க்குமே, அந்த மீன். அந்தப் பாறையில் அந்த மீன் இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

நிரூபிக்க ஒரே வழி, உள்ளே பார்ப்பது. திருக்கையின் பல் தரையில் பரப்பியதுபோல ஒரே அடுக்கு. முள் பேத்தைக்கோ ஒன்றின் அடியில் ஒன்றாகத் தகட்டுப் பற்கள் அடுக்கியிருக்கும். மேலே இருப்பது தேயத் தேய அடியில் இருப்பது மேலே வரும். வெளியில் இருந்து இது தெரியாது, ஏனென்றால் கல்லின் மேல் இரும்புத் துருபோல ஒன்று கெட்டியாகப் படிந்திருந்தது. அமிலத்தில் போட்டால் துரு கரையும் முன்னே பல் கரைந்துவிடும். மிச்சம் இருப்பது ரம்பத்தால் குறுக்கே வெட்டுவதுதான்.

"தலைவர் வெட்ட விட மாட்டேங்கிறார்கா. இந்த மாதிரி ஒண்ணுதான் இருக்கு. காரணம் காட்டு, வெட்டலாம்ங்கிறார். பெரிய ஸ்கேனுக்கு எழுதிப் போட்டா, திருக்கைக்கெல்லாம் முறை வர வருஷக்கணக்காகுமாம். உன் மிஷின்ல ஒரு நிழல் தெரிஞ்சாக்கூடப் போதும்."

பெரியவளுக்கு இது பிடித்திருந்தது. தங்கைக்குத் தன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றால் எந்த அக்காவுக்குத்தான் பிடிக்காது? உதவியாளப் பெண்ணைக் கூப்பிட்டு நாற்காலியைத் தயார் செய்யச் சொன்னாள். நோயாளியின் தலை வைக்கும் இடத்தில் துண்டை மடித்துப் போட்டுக் கல்லை உட்கார வைத்தார்கள். வாசலில் இருந்து எட்டிப் பார்த்த லாரி டிரைவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"கல்லுக்குமா டாக்டர் பல்வலி வருது?"

"இது பல்லே கல்லாப் போன கேஸ்" என்றாள் பெரியவள். "நீங்க உட்காருங்க, உங்க பல்லு இன்னும் அந்த நெலமைக்குப் போகல."

முதல் படம் வெறும் வெள்ளையாக வந்தது. மனிதப் பல்லுக்கு வைத்த அளவு கல்லுக்குப் போதவில்லை. பெரியவள் மிஷினில் அளவை ஏற்றினாள். மறுபடியும் வெள்ளை, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லைத் திருப்பிப் போட்டு, மிஷின் போகிற மட்டும் ஏற்றி, எல்லோரையும் வெளியே தள்ளி, தானும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

உள்ளே வந்து பார்த்தால், இந்தத் தடவை வந்திருந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. மேட்டுக்குள்ளே குறுக்காக மெல்லிய கறுப்புக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

சின்னவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் சொல்லிவிட்டாள்.

"விரிசல்."

"என்னது?"

"இதோ இருக்கு பாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, முழுக்க விரிசல். இதுல ரம்பத்தை வெச்சேன்னா பொலபொலன்னு உதிர்ந்துடும். வெட்டாத."

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். "அக்கா, இது விரிசல் இல்ல. இதுதான் அடுக்கு. இதைத்தான் நான் தேடினேன்."

"கறுப்புக் கோடு எது, நிழல் எதுன்னு எனக்குத் தெரியாதாடி?"

"விரிசல் இவ்வளவு ஒழுங்காவா வரும்? ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி, பாரு."

"கல்லுல வரும். அழுத்தத்துல கல்லு பாளம் பாளமா விரியும்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க."

அது உண்மை. சின்னவள் ஒரு நொடி தடுமாறினாள். பிறகு விரலை நீட்டி, "எல்லாக் கோடும் இந்த நடுத் தையல்ல வந்து நிக்குது. விரிசல்னா அதைத் தாண்டி ஓடியிருக்கும்" என்றாள்.

"இது ஒரு பக்கத்துல இருந்து எடுத்த நிழல். தாண்டுதா நிக்குதான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. நீ சொல்றது உன் ஆசை. நான் சொல்றது படத்துல இருக்கறது."

இது சரியான வாதம் என்பதால்தான் சின்னவளுக்கு இன்னும் சுட்டது. உதவியாளப் பெண் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். லாரி டிரைவர் தன் வலியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். சின்னவள் கல்லை எடுத்துப் பஞ்சில் வைத்து டப்பாவை மூடினாள்.

"நீ நாள் பூரா விரிசலைத் தேடறவ. அதனால உனக்கு எல்லாக் கோடும் விரிசலாத் தெரியுது. என் மீனுக்கு உன் கண்ணு இன்னும் பழகலக்கா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் சிறு வயதிலிருந்து அக்கா சொன்னால் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தவள், அக்காவின் கிளினிக்கில், அக்காவின் மிஷினில், அக்கா எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்து நாற்காலியில் ஏறிய லாரி டிரைவர், டாக்டர் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கத்துகிறவர், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பல்லைக் காட்ட மட்டும் திறந்தார்.

அன்று மத்தியானமே துறைத் தலைவரிடமிருந்து பெரியவளுக்குப் போன் வந்தது. நிதானமான மனிதர். படத்தைத் தங்கை கொண்டுவந்து காட்டினாள் என்றும், அது அடுக்கு என்று சொல்கிறாள் என்றும், படம் எடுத்த டாக்டரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டதாகவும் சொன்னார்.

இந்த இடத்தில் பெரியவள், எனக்கு மனுஷப் பல்தான் தெரியும் சார், மீன் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில் பட்ட சூடு ஆறியிருக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது விரிசல். வெட்டினா நிக்காது" என்றாள். பொய் சொல்லவில்லை, நினைத்ததைத்தான் சொன்னாள். ஆனால் போனை வைத்ததும் அந்தப் படத்தை மறுபடி திரையில் போட்டுப் பார்த்தாள். 

தலைவர் சின்னவளைக் கூப்பிட்டு, "உங்க அக்காவே விரிசல்னு சொல்றாங்க. இருக்கறது இது ஒண்ணு. போச்சுன்னா திரும்ப வராது. இவ்வளவு கேட்டும் வெட்டத்தான் வேணும்னா வெட்டுங்க, நான் தடுக்கல. ஆனா உதிர்ந்துபோச்சுன்னா அப்புறம் நீங்க இது அதுன்னு எதையும் வெட்டக் கேட்டு என்கிட்ட வரக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். இதைச் சின்னவளே அக்காவுக்குப் போனில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னடி பண்ணப்போற?"

"வெட்டறேன். முதல்ல இதோட உருவத்துக்கு ஒரு அச்சு எடுத்து வெச்சுக்கணும், அப்புறம் பிசினை ஊற விட்டுக் கெட்டிப்படுத்தணும். வெள்ளிக்கிழமை காலையில வெட்டு. நீ வா."

"நான் எதுக்கு?"

"வாயேன்."

அந்த வாரம் அம்மா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. "ஒரு கல்லுக்காக அக்காவும் தங்கச்சியும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் யார் பக்கம் பேசறது?" என்றாள். யார் பக்கமும் பேச வேண்டாம், குழம்பை இந்தப் பக்கம் தள்ளு என்றாள் பெரியவள். சின்னவள் விரல் நுனியெல்லாம் பிசின் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே சாப்பிட்டாள். அந்த விரல்களைப் பெரியவள் பார்த்தாள், பார்க்காததுபோல இருந்தாள்.

வெள்ளிக்கிழமை நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெரியவள் கிளம்பினாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே போனாள். பரவாயில்லடி, யாருக்கும் நடக்கறதுதான். நீ முயற்சி பண்ணினியே, அதுவே பெருசு. இப்படியெல்லாம். ஆறுதல் சொல்லப் போகிறவள் முகத்தில் இருக்க வேண்டிய கவலை அவள் முகத்தில் இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் ஜெயித்த பிறகு எப்படிப் பெருந்தன்மையாக நடந்துகொள்வது என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் வருகிற கூடங்கள் வரைதான் அவள் அதுவரை போயிருக்கிறாள். தங்கை வேலை செய்யும் அறை பின்புறம், படி இறங்கிப் போக வேண்டும். நீளமான அறை. இரு பக்கமும் இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் சிறு சிறு அட்டைப்பெட்டிகள். ஈரக்கல் வாசனையும் பிசின் வாசனையும் கலந்து மூக்கைப் பிடித்தன. நடுவில் கனமான மேஜைமேல் ரம்பம். தட்டுபோல வட்டமான மெல்லிய இரும்பு, விளிம்பில் வைரத்தூள். மேலே ஒரு குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தலைவர் ஓரமாகக் கைகட்டி நின்றார். பெரியவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

கல் இப்போது பிசினில் உறைந்து மஞ்சள் கண்ணாடிக் கட்டிக்குள் இருந்தது. சின்னவள் அதைப் பிடிப்பானில் பொருத்தித் திருகை இறுக்கினாள். இறுக்கிவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கினாள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். கையுறை போடவில்லை.

"கையுறை?" என்றாள் பெரியவள், டாக்டர் வாய் சும்மா இருக்காமல்.

"போட்டா கல்லு என்ன சொல்லுதுன்னு விரலுக்குத் தெரியாதுக்கா. சுத்தற மிஷின்ல மாட்டிக்கவும் செய்யும்."

 சின்னவள் இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றினாள். தோள் தளர்ந்து இறங்கியது. மணிக்கட்டு அசையாமல் நின்றது. விரல் மட்டும் வேலை செய்யத் தயாராக இருந்தது. பெரியவள் திடுக்கிட்டாள். கல்லூரியில் அப்படி உட்காரக் கற்றுக்கொள்ள அவளுக்கு எத்தனை நாள் பிடித்தது, எத்தனை திட்டு வாங்கினாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் அந்த இருப்பு வரவில்லை. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இந்த அறையில் தனியாக உட்கார்ந்து, கல்லை உடைத்து உடைத்துத் தானாகக் கற்றிருக்கிறாள். இத்தனை வருஷமாகத் தங்கை கல்லுக்குத் தூசி தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்காகப் பெரியவளுக்கு முகம் சூடானது.

ரம்பம் சுழல ஆரம்பித்தது. சின்னவள் கல்லை மெல்ல, மிக மெல்ல, அதன்மேல் தள்ளினாள்.

பிசினை வெட்டும்போது ஒரே சீரான சத்தம். பிறகு கல்லின் மேலோட்டைத் தொட்டதும் கிரீச்சென்று ஏறியது. தலைவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். அந்த நொடியில் பெரியவளுக்கு ஐயோ, உதிர்ந்துவிடப் போகிறதே என்றிருந்தது. வழியெல்லாம் அடுக்கிவைத்த ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. எப்படியாவது நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும், தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. தான் தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுவரை நடக்காத காரியம்.

அப்போதுதான் அவள் காது அதைக் கேட்டது.

கண் மட்டுமா, பல் டாக்டருக்குக் காதும் முக்கியம். பல்லைக் குடையும்போது மேலோட்டுக்கு ஒரு சத்தம், உள்ளே மிருதுவான இடத்துக்கு ஒரு சத்தம், சொத்தைக்கு ஒன்று, விரிசலுக்கு ஒன்று. விரிசலில் கருவி மாட்டினால் தடதடவென்று துள்ளும். இங்கே துள்ளவில்லை. சத்தம் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி அதே அளவில் இறங்கியது. கெட்டி, மெது, கெட்டி, மெது. ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரம். ரம்பம் ஒவ்வொரு பல்லாகத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. உடைந்த கல் இப்படிப் பேசாது. அடுக்கிவைத்த பல்தான் இப்படிப் பேசும்.

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அறையில் மற்ற இருவருக்கும் இன்னும் தெரியாது. தங்கை குனிந்த தலையும் ஊன்றிய முழங்கையுமாக நூல் நூலாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணாடி ஓரத்தில் தேங்கியது, அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. என் தங்கை, என்று நினைத்தாள் பெரியவள். என் கண்ணில் படாததைப் பார்த்தவள். நானே குறுக்கே விழுந்தும் நிற்காதவள். அவளுக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை காலமும் அவள் பட்ட பெருமையெல்லாம் தன்னைப் பற்றித்தான். இப்படி இன்னொருத்தியை நினைத்துத் தலைகால் புரியாமல் நிற்பது புதிதாக இருந்தது.

ரம்பம் நின்றது. கட்டி இரண்டாகப் பிரிந்து சின்னவளின் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு துணுக்குகூட உதிரவில்லை.

அவள் ஒரு பாதியைக் கண்ணாடிப் பலகைமேல் மணல்பொடி தூவித் தேய்த்தாள். கழுவினாள். மறுபடி தேய்த்தாள். அவசரப்படவே இல்லை. தலைவர் பொறுக்க முடியாமல் கழுத்தை நீட்டினார். கடைசியாகத் தண்ணீரில் நனைத்து, விளக்கை இழுத்துவைத்து, பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். நடுத் தையலுக்கு இரு பக்கமும் மெல்லிய தகடுகள், அடியில் புதிதாக ஒடுங்கி, மேலே போகப் போக அகன்று, உச்சியில் தேய்ந்து மழுங்கி. ஒரு கோடுகூடத் தையலைத் தாண்டவில்லை.

"திருக்கை இல்ல" என்றார்.

"இல்ல சார்."

"முள் பேத்தைதான்." மறுபடி குனிந்து எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, நிமிர்ந்தார். "இப்ப இருக்கற மீனுக்கு இவ்வளவு அடுக்கு இருக்காதே."

"இருக்காது. அதைத்தான் நானும் பாக்கறேன். இது நமக்குத் தெரிஞ்ச எதுவும் இல்ல."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்கள் தோற்கும்போது கொஞ்சம் அழகாக இருப்பார்கள். அவர் அப்படித்தான் இருந்தார். "ஒரு பார்வையில ஒதுக்கிட்டேன். அந்தப் பெட்டிங்க எல்லாத்தையும் திரும்பத் திறக்கணும். நீங்களே பாருங்க. எதை வெட்டணுமோ வெட்டுங்க, என்னைக் கேக்க வேண்டாம்" என்றார். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, "உங்க படம் இல்லன்னா இது நடந்திருக்காது டாக்டர்" என்றார். மரியாதைக்குச் சொன்னதுதான். பெரியவள் தரையைப் பார்த்தாள். போட்டோ எடுக்க ஒரு பாதியை வாங்கிக்கொண்டு அவர் மாடிக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் சின்னவளின் கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகப் பார்த்தாள், முடியவில்லை. பெரியவள் அதை வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"வேலை நடக்கும்போது நடுங்காம, முடிஞ்சப்புறம் நடுங்கறதுதான் நல்ல கை" என்றாள். "எனக்கும் அப்படித்தான்."

"உனக்கா? நான் பார்த்ததே இல்லயே."

"யாரு பாக்கற மாதிரி நடுங்குவா?"

சின்னவள் சிரித்தாள். இது உண்மையான சிரிப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அவள் சிரிப்பது வேறு ஏதோ என்பது அதைக் கேட்டபோதுதான் பெரியவளுக்கு உறைத்தது. இனி சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"காலையில வீட்ல இருந்து கிளம்பும்போது, இது உடையணும்னுதான்டி நெனச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாசல்ல வந்து நின்னியே, அந்தப் புடவையும் அந்த முகமும். துக்கம் விசாரிக்க யாராவது அப்படி வருவாங்களா?"

பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தெரிஞ்சே ஏன்டி கூப்பிட்ட என்னை? எவளாவது கூப்பிடுவாளா?"

சின்னவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "உடைஞ்சிருந்தா நான் தாங்கியிருப்பேன்கா. நாலு நாள் அழுதுட்டு இன்னொரு பெட்டியைத் திறந்திருப்பேன். நீதான் தாங்கியிருக்க மாட்ட. நீ போன்ல சொன்ன ஒரு வார்த்தையால உடைஞ்ச மாதிரி, காலம் பூரா என்னைப் பாக்கறப்பெல்லாம் குறுகிப் போயிருப்ப. பக்கத்துல இருந்து பார்த்தா, உடைச்சது ரம்பம்தான், நீ இல்லன்னு உனக்கே தெரியும். அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

பெரியவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. கடைசியில் அதை அப்படியே விட்டுவிட்டு, மேஜையில் இருந்த கல்லின் மறுபாதியைக் கையில் எடுத்தாள். தங்கை செய்ததுபோலவே தண்ணீரில் நனைத்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடி" என்றாள். "எதை முதல்ல பாக்கணும், சொல்லு."

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.